அந்தப் பெண்ணை ஏன் இடம் மாறச் சொன்னேன்?

"சார், எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் ரொம்ப நேரமா என்னையே பார்த்துக்கிட்டு இருக்கார்."

நான் வேலை பார்க்கும் பொது நூலகத்துக்குத் தேர்வுக்குப் படிக்கத் தினமும் வரும் பெண் அவள். அங்கேயே வைத்துப் படிக்க வேண்டிய புத்தகங்கள் இருக்கும் குறிப்புதவிப் பகுதியில் ஜன்னலோர மேஜை அவளுக்குப் பிடித்த இடம். நான் எட்டிப் பார்த்தேன். நடுவயதுக்காரர் ஒருவர் நாளிதழை விரித்து வைத்திருந்தார். ஐந்து நிமிடமாக ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. அவள் ஏற்கெனவே ஒருமுறை மேஜை மாறியிருக்கிறாள், அவரும் பின்னாலேயே மாறியிருக்கிறார். எல்லாம் தெரிந்தும் நான் சொன்னது இதுதான்: "நீ வேணும்னா இந்தப் பக்கம் வந்து உட்காரும்மா."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகங்களை அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பத்து நாள் கழித்து, அவள் இரவல் வாங்கியிருந்த இரண்டு புத்தகங்களைத் தம்பி கொண்டுவந்து கொடுத்தான். "அக்கா இனிமே வீட்லயே படிச்சுக்குவாங்களாம்" என்றான். அந்த ஆள் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தார்.

அன்று நான் யாரோடும் சண்டை போடவில்லை, நூலகத்தில் சத்தம் எழவில்லை. பிரச்சினையைச் சுமுகமாக முடித்துவிட்டதாகவே அப்போது நினைத்தேன். தவறு செய்யாதவளிடம்தான் நான் விட்டுக்கொடுக்கச் சொன்னேன் என்பது அந்தத் தம்பி வந்து நின்றபோதுதான் உறைத்தது.

பொது நூலகத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை 1994-லும், திருத்தி வெளியிட்ட 2022-லும் வயது, இனம், மதம், மொழி, சமூக நிலை எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் சமமான சேவை என்றுதான் சொல்கிறது. ஆனால் 'எல்லோரும்' என்பதில் பயந்துபோய் வராமல் நின்றுவிடுகிறவர்களும் சேர்த்திதானே? இந்தக் கணக்கைப் போடாமலேயே பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "அந்த ஆள் பக்கத்தில் உட்கார முடியவில்லை, நாற்றம் அடிக்கிறது, வெளியே அனுப்புங்கள்" என்று வருகிற புகார்கள். அமெரிக்காவின் மோரிஸ்டவுன் நூலகத்தில் வீடில்லாத ஒருவரை இப்படி வெளியேற்றியது நீதிமன்றம் வரை போனது. 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பொது நூலகத்தைப் பயன்படுத்தித் தகவல் பெறுவது ஒருவரின் அரசியல் சட்ட உரிமை என்று ஏற்றுக்கொண்டது. அதே சமயம் மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருக்க நியாயமான நடத்தை விதிகளை வைக்க நூலகத்துக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் உவப்பானது அல்ல. எனக்கு அதிலிருந்து கிடைத்த பிடிமானம் ஒன்றே ஒன்று: ஆளை எடைபோடுவது என் வேலை இல்லை, அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதுதான் என் வேலை. அழுக்குச் சட்டையோடு ஒருவர் அமைதியாகத் தூங்கி வழிவதும், நல்ல உடுப்போடு ஒருவர் ஒரு பெண்ணை மேஜை மேஜையாகத் தொடர்வதும் ஒன்றல்ல. இரண்டாவதுதான் அவசரம்.

கோபத்தோடு நிற்பவரை எதிர்கொள்வது வேறு கலை. தாமதக் கட்டணத்துக்காக ஒரு பெரியவர் கவுண்ட்டரைத் தட்டிக் கத்தினார். பழைய நானாக இருந்தால் விதிப் புத்தகத்தை எடுத்து நீட்டியிருப்பேன். அன்று கவுண்ட்டரைவிட்டு வெளியே வந்து, நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், இரண்டு கை நீளம் தள்ளி நின்றேன். வாசலை மறைக்கவில்லை. "ஐயா, இங்க வேண்டாம், அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவோம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். வேடிக்கை பார்க்கும் கண்கள் இல்லாத இடத்துக்குப் போனதுமே அவர் குரலும் இறங்கியது. மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாராம், புத்தக ஞாபகமே இல்லையாம். சரி, அதைத் தள்ளுபடி செய்ய வழி இருந்தது, செய்தோம். எல்லோரும் இப்படி இறங்கிவிட மாட்டார்கள். கை ஓங்கினால் பேச்சை நிறுத்திவிட்டு விலகி, போலீசைக் கூப்பிட வேண்டியதுதான். தொட்டு இழுப்பதோ துரத்திக்கொண்டு ஓடுவதோ கூடவே கூடாது.

அப்புறம் பதிவேடு. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். 'குடித்துவிட்டு வந்தார்' என்று எழுதாதீர்கள், அது நம் ஊகம். 'தள்ளாடினார், நாற்காலியை உதைத்தார், மாலை 5.40' என்று கண்டதை எழுதுங்கள். அடுத்த ஷிப்டில் வருகிறவருக்கு அந்த ஒரு வரி பெரிய பாதுகாப்பு.

மாலை ஷிப்டில் ஒரே ஒருவரை வைத்து நூலகத்தைப் பூட்டச் சொல்வதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. கடைசி ரேக் வரை தனியாக நடந்துபோய் விளக்கை அணைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊழியரின் பொறுமையை மட்டும் நம்பி எதையும் நடத்த முடியாது. இரண்டு பேர் வேண்டும், கவுண்ட்டருக்குப் பின்னால் வெளியேற ஒரு வழி வேண்டும். சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009-லேயே சமூகப் பணியாளர் ஒருவரை நியமித்தது. போக இடமில்லாமல் வருகிறவரின் கஷ்டத்தை நூலகர் ஒருவரே தீர்த்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

போன வருடம் வேறொரு பெண் அதே மாதிரி கவுண்ட்டருக்கு வந்தாள். "நீ உன் இடத்துலயே இரும்மா" என்று சொல்லிவிட்டு, சக ஊழியரைப் பார்வை படும் தூரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, நான் அந்த ஆளிடம் போனேன். "அவங்களுக்கு எதிர்ல உட்காராதீங்க. இன்னொரு தடவை அவங்க பின்னாடி மேஜை மாறினா இன்னைக்கு உங்களை வெளியே போகச் சொல்ல வேண்டியிருக்கும்." நான் யார் தெரியுமா, எவர் தெரியுமா என்றார். "யாரா இருந்தாலும் இதே விதிதான் சார்" என்றேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு எழுந்து போனார்.

நேரத்தைப் பதிவேட்டில் குறித்துவிட்டு நிமிர்ந்தபோது, அவள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். மூடும் நேரம் என்று நான் போய்ச் சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.