அந்தப் பொங்கலன்று நாங்கள் போட்ட சண்டை

2021 பொங்கல். மறுநாள் காலை அஞ்சரைக்கு ஆஸ்திரேலியாவோட இந்தியா ஆடுற கடைசி டெஸ்ட், பிரிஸ்பேன்ல. தொடர் 1-1. பும்ரா இல்லை, அஸ்வின் இல்லை, ஜடேஜா இல்லை, விஹாரியும் இல்லை. கரும்பைக் கடிச்சுக்கிட்டே மாமாவும் நானும் மொட்டை மாடியில மல்லுக்கட்டினோம்.

"சுழல் போடுற குல்தீப்பை எடுக்காம எப்படிடா?" இது மாமா. 2017க்கு அப்புறம் முதல்தரப் போட்டியே ஆடாத வாஷிங்டன் சுந்தரை இறக்கணும்னு நான். வால் நீளமா இருக்கு மாமா, கடைசியில பேட் பிடிக்கத் தெரியாத பவுலர்கள்தான், ஏழாவதா ஒருத்தன் நின்னு ஆடணும்னு தொண்டை வறளக் கத்தினேன். நடராஜன் விஷயத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சு. சின்னப்பம்பட்டிப் பையன் வெள்ளை உடுப்புல ஓடி வர்றதைப் பார்க்கணும், அவ்வளவுதான்.

வாஷிங்டன், நடராஜன் ரெண்டு பேருமே ஆடினாங்க. முதல் இன்னிங்ஸ்ல ஆளுக்கு மூணு விக்கெட். வாஷிங்டனுக்கு முதல் விக்கெட்டே ஸ்மித். அப்புறம் நம்ம பேட்டிங்ல 186க்கு 6 விக்கெட் போன நேரத்துல தாக்கூரோட சேர்ந்து 123 ரன். மாமா பேசவே இல்லை, என் தோளைப் பிடிச்சு அழுத்தினார்.

கடைசி நாள், 328 துரத்தும்போது கம்மின்ஸ் பவுன்சரை வாஷிங்டன் ஹூக் பண்ணி சிக்ஸர் அடிச்சான் பாருங்க, அந்த ஷாட்டை இன்னைக்கும் வாரம் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். மாமாவுக்கும் அனுப்புவேன்.