பாட்டிலின் அடியில் உறைந்த தேன்

கன்னியாகுமரி மாவட்டத் தக்கலையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் என் அப்பா காலத்தில் இருந்தே எங்களிடம் தேன் வாங்குபவர். 2021 டிசம்பரில் ஒரு நாள் கடைக்கு வந்து ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்தார். கீழ்ப்பாதி நெய் உறைந்தது மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"மக்களே, இது சீனித் தேன்லா? நீ இப்பிடிச் செய்வேன்னு நான் நெனைக்கல்ல."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒன்றும் பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். அவரும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் தப்பை ஒத்துக்கொண்டேன் என்றே அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

எங்கள் கடை மார்த்தாண்டம் பக்கம். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் இங்கே கிராமப்புனரமைப்பு மையம் நடத்தியபோது பரவியது எங்கள் தேனீ வளர்ப்புத் தொழில். 1991-92இல் தேனீக்களுக்கு வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுக்கக் கூட்டங்கள் அழிந்தபோது அப்பாவின் பெட்டிகளும் காலியாயின. அதிலிருந்து மீண்டு வந்த தொழில் என்பதால் "சீனித் தேன்" என்ற சொல் எனக்குச் சாதாரண வசவாகப் படாது. கணவர் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறார். 45 பெட்டிகளையும் கடையையும் நான்தான் பார்க்கிறேன்.

டீச்சர் போன பிறகு ஒரு வாரம், வந்த போன் அழைப்புகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். நேரம் எங்கே போகிறது என்று பார்க்கத்தான். பாதிக்கு மேல் நாலே கேள்விகள். தேன் ஏன் உறைந்தது, ஒரு கிலோ பாட்டில் ஏன் இவ்வளவு சின்னது, தேனீக்குச் சீனிப்பாகு கொடுப்பீர்களா, பிள்ளைக்குக் கொடுக்கலாமா. ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, தேன் ஒட்டிய கையோடு போனில் பேசிய நாட்களும் உண்டு. கேட்டபின் சொல்வதை எல்லாம் விற்கும்போதே சொல்வது என்று முடிவு செய்தேன்.

உறைவதைப் பற்றி ஒரு சிறு துண்டுக் காகிதம் அச்சடித்தேன். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் திரும்பத் துளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியில் இனிப்பு நீர் ஊறும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நம் மாவட்டத் தேனீக்கள் பெரும்பாலும் அதைத்தான் எடுக்கின்றன, பூவில் இருந்து அல்ல. அந்தத் தேனில் குளுக்கோஸ் கூடுதல் என்பதால் சீக்கிரம் உறையும். கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும், அடுப்பில் வைத்துக் கொதிக்க விடக்கூடாது. இவ்வளவுதான் காகிதத்தில். நாய் நக்காது, எறும்பு வராது, தீக்குச்சி எரியும் என்ற சோதனைகளை வைத்து நல்ல தேனைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை நேரில்தான் சொல்கிறேன். காகிதத்தில் எழுதினால் சண்டை போடுவது போல இருக்கும்.

முதல் காகிதத்தையும் உறைந்த பாட்டில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறித் தக்கலை போனேன். டீச்சர் வீட்டு அடுக்களையில் வெந்நீர் வாங்கிப் பாட்டிலை வைத்தேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் தேன் மெல்ல இளகித் தெளிந்தது. பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "இத அண்ணைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

ஆமாம், சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து யார் குறையோடு வந்தாலும் முதலில் என்ன நடந்தது என்று விளக்குகிறேன். பிறகுதான் பணமா, வேறு பாட்டிலா என்று கேட்கிறேன்.

சீனிப்பாகு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் தைரியம் வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் தீவனம் கிடைக்காதபோது கூட்டம் சாகாமல் இருக்கச் சீனிப்பாகு கொடுக்கத்தான் செய்கிறோம். தேன் வரத்து தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிடுவோம், அறுவடைத் தேனில் அது சேரக்கூடாது. இதை மறைக்கிறவர்கள்தான் அதிகம். நான் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்கள் உண்டு. போகட்டும். மறைத்து விற்று, பிறகு அவர்களுக்கு வேறு யார் மூலமாவது தெரியவந்தால் என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

பச்சைப்பிள்ளை நாக்கில் தேன் தொட்டு வைக்கக் கேட்டு வருபவர்களுக்கு நான் விற்பதில்லை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் சில நேரம் இருக்கும் ஒருவகைக் கிருமி விதைகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சாகும். பேரப்பிள்ளைக்காக வந்த ஒரு பாட்டி என்மேல் கோபித்துக்கொண்டுதான் போனார். இந்த ஒன்றில் எனக்குச் சமரசம் கிடையாது.

பாட்டில் அளவுக் கேள்வி சுலபம். தேன் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனம், அதனால் ஒரு கிலோ தேன் சுமார் 700 மில்லிதான் வரும். தராசை மேசைமேல் வாங்குபவர் பக்கம் திருப்பி வைத்தேன். பிறகு அந்தக் கேள்வியே வரவில்லை.

நேரத்தையும் ஒழுங்கு செய்தேன். காலையில் பெட்டி, மத்தியானம் இரண்டு முதல் நாலு வரை போன், செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பார்சல். கடை வாசலில் எழுதிப் போட்டேன். வாட்சப் பிசினசில் அதே விவரம் தானாகப் போகும்படி வைத்தேன். முதல் இரண்டு வாரம் ஆட்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவும் 2022இல் எடுத்தேன். வருடம் 12 லட்சத்துக்குள் விற்பவர்களுக்கு அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அந்த 14 இலக்க எண் லேபிளில் இருந்தாலே வெளியூர்க்காரர்களின் பாதிச் சந்தேகம் போய்விடுகிறது. இன்னும் எடுக்காதவர்கள் முதலில் இதை முடியுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது தொகுதி எண் நோட்டு. எந்தத் தோட்டத்தில் எந்தத் தேதியில் எடுத்த தேன், எந்த பாட்டில்களில் போனது, யார் வாங்கினார்கள் என்று எழுதி வைப்பேன். அந்த ஜூன் மழையில் ஒருவர் அழைத்து, மூடியைத் திறந்தால் நுரை பொங்குகிறது என்றார். எண்ணைக் கேட்டேன். அருமனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், மழை வருகிறது என்று அவசரப்பட்டு, தேனீக்கள் மெழுகால் மூடாத அடைகளையும் சேர்த்து எடுத்த நாள் அது. தண்ணீர் கூடிய தேன் புளித்துவிட்டது. மொத்தம் 38 பாட்டில்.

அடுத்தவர் அழைக்கும்வரை காத்திருக்கவில்லை. நோட்டைப் பார்த்து ஒவ்வொருவராக நானே கூப்பிட்டேன். "அண்ணே, அந்தத் தேன் புளிக்கும், எனக்க தப்புதான், திறக்காதிங்க, வேற தாறேன்." பலர் பாட்டிலைத் திறந்திருக்கவே இல்லை. மூன்று பேர் பணத்தை வாங்கிக்கொண்டார்கள், பிறகு வரவில்லை. மற்றவர்கள் இன்றும் வாங்குகிறார்கள்.

திரும்பி வந்த தேனைத் தேனீக்களுக்கும் கொடுக்க முடியாது, புளித்தது அவற்றின் வயிற்றைக் கெடுக்கும். தென்னை மூட்டில் குழி வெட்டி ஊற்றி மூடினேன். அந்த வாரமே ஈரப்பதம் பார்க்கும் சிறு கருவி ஒன்று வாங்கினேன். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பாட்டிலில் ஊற்றுவதில்லை. இப்போது நோட்டில் தோட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணும் இருக்கிறது.