சிங்கப்பூரிலிருந்து மும்பைக்கு ஒரு டேட்டாபேஸ்

2018 ஏப்ரல் 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பணப் பரிவர்த்தனைத் தரவு முழுவதையும் இந்தியாவில் மட்டுமே சேமித்து வைக்க வேண்டும், அவகாசம் ஆறு மாதம். நான் அப்போது வேலை பார்த்த நிறுவனம், இணையக் கடைகளுக்கு வாடிக்கையாளர்களிடமிருந்து பணம் வசூலித்துக் கொடுத்துவந்தது. எங்கள் சர்வர்கள் இருந்தது சிங்கப்பூரில். சர்வர்களை வாடகைக்குத் தரும் அமேசானின் கிளவுட் சேவை மும்பையில் டேட்டா சென்டர்களைத் திறந்ததே 2016இல்தான் என்பதால், அதற்கு முன்பே தொழில் தொடங்கிய பலருக்கும் அதே நிலைமைதான். அந்த ஆறு மாதத்துக்குள் எல்லாம் மும்பைக்கு வந்து, அக்டோபர் 15க்குள் அதை ரிசர்வ் வங்கிக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்காகக் கடைக்காரர்களின் வியாபாரத்தை நிறுத்தவும் முடியாது.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை அப்படியே தூக்கி இன்னொரு இடத்தில் வைக்க முடியாதா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2005இலேயே கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒரு குவேக் 3 விளையாட்டு சர்வரை, ஆட்டக்காரர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே வேறு கணினிக்கு மாற்றிக் காட்டினார்கள். ஆட்டம் நின்றது சுமார் 60 மில்லிவிநாடிதான். நினைவகத்தை ஓடஓடவே நகலெடுப்பார்கள். அதற்குள் மாறிவிட்ட பக்கங்களை மட்டும் மறுபடி நகலெடுப்பார்கள். மிச்சம் கொஞ்சமானதும் ஒரு கணம் நிறுத்தி அதையும் அனுப்பிவிடுவார்கள். ஆனால் அது ஒரே நெட்வொர்க்குக்குள், ஒரே சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்ளும் கணினிகளுக்கு இடையே நடப்பது. கடல் தாண்டி இன்னொரு நாட்டு டேட்டா சென்டருக்குப் போகும்போது கிளவுட் வாடிக்கையாளருக்கு அந்த வசதி கிடைக்காது. அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு டேட்டாபேஸ் அளவில் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

தரவு எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாத சர்வர்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மும்பையில் அவற்றைப் புதிதாகவே உருவாக்கினோம்.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். அதன் பத்தாம் பதிப்பில் வந்திருந்த லாஜிக்கல் ரெப்ளிகேஷனைப் பயன்படுத்தினோம். முதலில் முழு நகல், பிறகு ஒவ்வொரு மாற்றமும் பின்னாலேயே வந்து சேரும். மும்பையில் எழுதப்பட்ட பிறகுதான் சிங்கப்பூரில் எழுதியதாகக் கணக்கு என்று வைத்தால், போய்த் திரும்பும் 60 மில்லிவிநாடி ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் ஏறிவிடும். அதனால் மும்பை நகல் கொஞ்சம் பின்தங்கி வர விட்டோம். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டேபிளில் உள்ள வரிகள் எல்லாம் வந்து சேரும், ஆனால் அடுத்த வரிசை எண் என்ன என்று நினைவில் வைத்திருக்கும் சீக்வென்ஸ் அந்தப் பதிப்பில் அவற்றோடு வராது. அதைக் கையால் முன்னே தள்ளி வைக்காவிட்டால், புதிய இடத்தில் எழுதப்படும் முதல் பரிவர்த்தனையே பழைய எண்ணில் போய் முட்டும்.

இவ்வளவும் நம் கையில் இருக்கும் வேலை. மாதங்களைத் தின்றது வங்கிகளின் ஃபயர்வால். எந்த ஐபி முகவரியிலிருந்து கோரிக்கை வரலாம் என்று ஒவ்வொரு வங்கியும் ஒரு பட்டியல் வைத்திருக்கும். மும்பைக்குப் போனால் எங்கள் முகவரிகள் மாறும். லெட்டர்ஹெட்டில் கடிதம், கையெழுத்து, அவர்களுடைய மாற்றக் குழுவின் ஒப்புதல், பிறகு அவர்கள் குறித்துத் தரும் ஒரு சனிக்கிழமை இரவு. பண்டிகைக் காலம் நெருங்கினால் எந்த மாற்றத்தையும் தொட மாட்டார்கள். ஒரு வங்கியில் எல்லாம் முடிந்தது என்று மின்னஞ்சல் வரும், சோதித்தால் இணைப்பு போகாது. போன் செய்தால், "சார், டிஆர் சைட்ல போட்டாச்சு, மெயின் சைட்ல அடுத்த வாரம்" என்பார்கள். டிஆர் சைட் என்பது பேரிடர் வந்தால் பயன்படுத்த வைத்திருக்கும் மாற்று மையம். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. பணம் போகும் வழியில் யாரும் அவசரப்படக் கூடாது என்பதே சரி. இடமாற்றத் திட்டம் எழுதும் எவரும் கட்டளைகளை எழுதுவதற்கு முன் இந்தப் பட்டியலைத்தான் எடுக்க வேண்டும் என்பேன்.

டவுன்டைமே இல்லாமல் செய்யலாம், இரண்டு பக்கமும் எழுத விடலாம் என்ற யோசனையும் வந்தது. நான் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே கணக்குப் புத்தகத்தை இரண்டு ஊரில் இரண்டு பேர் எழுதினால், ஒரு ரூபாய் யாருடையது என்ற கேள்விக்குப் பதிலே இல்லாத நேரம் ஒன்று வந்தே தீரும். வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கும், கடைக்காரருக்கு ஆர்டர் காட்டாது. அதைவிட, சொல்லிவிட்டு நாலைந்து நிமிடம் நிறுத்துவது நேர்மையானது.

அதனால் இடமாற்றத்துக்குக் குறித்த நாளின் அதிகாலை மூன்று மணி சுமாருக்குப் புதிய கட்டணங்களை நிறுத்தினோம். ஏற்கெனவே கிளம்பிவிட்ட கட்டணங்களுக்கு வங்கிகள் அனுப்பும் பதில்களை மட்டும் க்யூவில் பிடித்து வைத்தோம், அவற்றைத் தொலைக்கவே கூடாது. சிங்கப்பூர் டேட்டாபேஸில் எழுதும் அனுமதியைப் பறித்தோம். பின்தங்கல் பூஜ்யமாகும்வரை காத்திருந்து, இரண்டு பக்கமும் எண்ணிக்கையையும் தொகையையும் ஒப்பிட்டு, சீக்வென்ஸ்களைத் தள்ளி வைத்து, மும்பையைத் திறந்தோம். மும்பையிலிருந்து சிங்கப்பூருக்கு எதிர்த்திசை ரெப்ளிகேஷனையும் உடனே தொடங்கினோம். அது இல்லாவிட்டால், திறந்த பிறகு வந்த கட்டணங்களைத் தொலைக்காமல் பின்வாங்க வழியே கிடையாது. க்யூவில் இருந்த பதில்களை அதன் பிறகே அவிழ்த்துவிட்டோம்.

எங்கள் இணையப் பெயருக்கான ஐபி முகவரியை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் டிடிஎல்லை முன்கூட்டியே 60 விநாடிக்குக் குறைத்திருந்தோம். அது போதும் என்று நம்பிவிடக் கூடாது. சில ஜாவா நிரல்கள் ஒருமுறை கண்டறிந்த முகவரியை மறுபடி இயக்கும்வரை விடாது, சிலர் ஐபி எண்ணையே நேராக எழுதி வைத்திருப்பார்கள். அதனால் பழைய முகவரியில் ஒரு பிராக்சியை நிறுத்தி, வருவதையெல்லாம் மும்பைக்குத் திருப்பிவிட்டோம். அதன் லாகில் யார் இன்னும் பழைய வழியில் வருகிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொரு கடையாகக் கூப்பிட்டோம். "எப்ப சார் மாத்துனீங்க? இங்க ஒண்ணுமே தெரியலையே" என்றார் திருப்பூர் ஜவுளிக்கடை ஒன்றின் கணினிப் பொறுப்பாளர். எனக்கு அன்று அதைவிடப் பெரிய பாராட்டு தேவைப்படவில்லை.

இந்தியாவில் மட்டுமே என்றால், பழைய இடத்தில் மிச்சம் இருக்கக் கூடாது. எதிர்த்திசை ரெப்ளிகேஷனைத் துண்டிக்கும் முடிவை எடுத்த பிறகு ஸ்னாப்ஷாட்கள் எனப்படும் டிஸ்க் நகல்கள், பேக்கப்புகள், லாக் கோப்புகள், யாரோ சோதனைக்காக எடுத்து வைத்த டேபிள் நகல்கள் என்று தேடித்தேடி அழித்தோம். அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலில் உள்ள தணிக்கையாளர்கள் வந்தபோது மும்பையில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டச் சில மணி நேரம் போதுமாக இருந்தது. சிங்கப்பூரில் ஒன்றும் இல்லை என்று காட்டத்தான், அழித்த ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் நாங்கள் எடுத்து வைத்திருந்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருந்தது.