தாடைக் கோடு

ஜூன் 3
தூக்க ஆய்வுக்கு ராத்திரி படுக்க வருகிறவர் தாடைக்கு மூன்று எலக்ட்ரோடு. ஒன்று நடுவில், எலும்பின் கீழ்விளிம்புக்கு 1 செ.மீ. மேலே. மற்ற இரண்டும் விளிம்புக்கு 2 செ.மீ. கீழே, இடமும் வலமுமாக 2 செ.மீ. தள்ளி. தாடிக்காரர் என்றால் அந்த இடத்தை மட்டுமாவது மழிக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுராத்திரியில் கழன்றுவிடும். ஒட்டியதும் பல்லைக் கடிக்கச் சொல்லிப் பார்ப்பது. திரையில் தாடைத் தசையின் கோடு தடித்து எழுந்தால் சரி.

ஜூன் 4
மூன்றேகால் மணி. கண் கோடுகள் எதிரெதிராகத் துள்ளின, தாடைக் கோடு நூலாகப் படுத்துவிட்டது. கனவுத் தூக்கம்.
காலையில் வழக்கமான கேள்வி: "துரத்துறாங்க, கால் எழும்பவே மாட்டேங்குது. என்ன பலன் சார்?"
மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் உத்தரவில் கிளைசின், காபா என்ற ரசாயனங்கள் தசையை இயக்கும் தண்டுவட நரம்புகளை அடக்கிவைக்கின்றன. கண், உதரவிதானம் மாதிரிச் சிலதுதான் தப்பும். ஓடு என்கிறது மூளை, காலிலிருந்து பதிலே இல்லை. அந்த மௌனம்தான் கனவில் சேறாகிறது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பறக்கிற கனவிலும் இதே தசைகள்தானே செத்துக் கிடக்கின்றன?

ஜூன் 7
ஏசி பழுது. வியர்வையில் கோடெல்லாம் அலை.

ஜூன் 9
அமுக்குவான் பேய் கேஸ். தலையணைக்கடியில் அரிவாள்மனை வேறு. கண் விழித்துவிட்டது, தசைப் பூட்டு மட்டும் இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான். விலாத் தசையும் ஓய்ந்திருப்பதால் இழுத்து மூச்சுவிடப் பார்த்தால் வராது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். எழுந்திருக்க முண்டக் கூடாது. கண்ணை உருட்டி, ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பார்க்கணும். தூக்கம் கெட்ட வாரத்தில், மல்லாந்து படுத்தால் அதிகம் வரும். அரிவாள்மனையை அடுக்களைக்கே அனுப்பச் சொன்னேன்.

ஜூன் 10
"விடியக்காலைக் கனவு பலிக்குமாமே?" கனவுத் தூக்கத்தின் முதல் சுற்று பத்து நிமிஷம் இருந்தால் அதிகம், விடியலில் அரைமணி கூடப் போகும். நடுவில் எழுந்தால் ஞாபகம் நிற்கிறது. நிற்பதுதான் பலிக்கிறது.

ஜூன் 12
இன்று வந்தவருக்குக் கனவுத் தூக்கத்திலும் தாடைக் கோடு படுக்கவே இல்லை. கண் துள்ளுகிறது, கோடு முள்வேலி மாதிரி. கனவில் நாயை உதைத்தாராம். பட்டது பக்கத்தில் படுத்திருந்த அம்மாவுக்கு.

ஜூன் 13
அந்த முள்வேலிதான் கண்ணில் நிற்கிறது. 1960களில் பிரான்ஸின் லியோனில் மிஷேல் ஷூவே என்ற தூக்க ஆய்வாளர் பூனைகளின் மூளைத்தண்டில் அந்தப் பூட்டிருக்கும் இடத்தைச் சிதைத்தார். தூக்கத்திலேயே எழுந்து இல்லாத எலியைப் பாய்ந்து பிடித்தன. மனிதரில் இதை நோயென்று எழுதியது 1986இல்தான், மின்னசோட்டாவில். பலருக்குச் சில வருஷம் கழித்து நடுக்குவாதம் (பார்க்கின்சன்) வருகிறது. சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் இப்படி ஆகும். முதலில் மருந்துச்சீட்டைப் பார்க்கணும். அதுவரை மெத்தையைத் தரையில் போடணும், கண்ணாடிச் சாமான், மேஜை முனை எதுவும் பக்கத்தில் கூடாது, அம்மாவுக்குத் தனிப் படுக்கை.
கால் எழும்பவில்லை என்று பலன் கேட்டு வருகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அவர்கள் பூட்டு வேலை செய்கிறது.

ஜூன் 14
மறுபடி அவர். 11.50க்கு விளக்கணைத்தாயிற்று. தாடை எலக்ட்ரோடின் மின்தடை 4 கிலோ ஓம், ஒட்டு சரி.