வெள்ளாற்றுக் கழிமுகத்தில் ஆறு மாதங்கள்

பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தில் எம்.எஸ்ஸி. படிக்கச் சேர்ந்தபோது, நான் அதுவரை கடலை மூன்று முறைதான் பார்த்திருந்தேன். நாமக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்து, இளங்கலை விலங்கியலை உள்ளூர்க் கல்லூரியிலேயே முடித்தவள். நீந்தவும் தெரியாது. அங்கே என் ஆய்வேட்டுக்காக ஆறு மாதங்கள் படகில் சென்று நீரும், நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் நுண்ணுயிர்களான மிதவையுயிரிகளும் (பிளாங்க்டன்) சேகரித்து, அவற்றை எண்ணி, கணக்கிட்டு, எழுதி முடித்த அனுபவத்தை, அதே வழியில் வரவிருக்கும் மாணவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1929இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் சிதம்பரத்தில் இருக்கிறது. கடல் உயிரியலுக்கான வளாகம் மட்டும், வெள்ளாறு வங்கக்கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் தனியாக அமைந்துள்ளது. போர்த்துகீசியர் போர்ட்டோ நோவோ என்று அழைத்த பழைய துறைமுக ஊர் இது. விலங்கியல் பேராசிரியர் ஆர்.வி.சேஷையா இந்த மையத்துக்கு அடித்தளமிட்டபோது ஏன் இந்த ஊரைத் தேர்ந்தார் என்பது, ஒரு வாரம் அங்கே தங்கினாலே யாருக்கும் விளங்கிவிடும். ஆறு, கழிமுகம், மணற்கடற்கரை, திறந்த கடல், தெற்கே கொள்ளிடம் வரை விரியும் பிச்சாவரம் அலையாத்திக் காடு ஆகிய ஐந்தையும் ஒரே மாணவி ஒரே வாரத்தில் தொட்டுப் பார்க்க முடிகிற இடம் அது. பாடநூலில் தனித்தனி அத்தியாயங்களாக இருப்பவை அங்கே ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன.

முதலாண்டில் நாங்கள் கற்ற முதல் செய்முறை, ஓத அட்டவணையைப் படிப்பதுதான். நம் கிழக்குக் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறத்தாழ ஐம்பது நிமிடங்கள் தள்ளிப்போகிறது. இதை வகுப்பில் எழுதிக்கொண்டபோது எனக்கு அது வெறும் தகவலாகவே இருந்தது. ஆனால் ஒரு கழிமுகத்தின் ஒரே புள்ளியில், ஏற்றத்தின்போது எடுத்த நீர் கடலுடையது, வற்றத்தின்போது எடுத்த நீர் ஆற்றுடையது என்பதை உணர்ந்தபோதுதான், இரண்டு நாட்களின் அளவீடுகளை ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஓதத்தின் ஒரே நிலையில் எடுத்திருக்க வேண்டும் என்பது புரிந்தது. அதனால் எங்கள் சேகரிப்பு நாட்களில் நேரத்தை முடிவு செய்தது கடிகாரமல்ல. சில நாட்களில் விடியற்காலை ஐந்து மணிக்கும், சில நாட்களில் உச்சி வெயிலிலும் படகேற வேண்டியிருந்தது.

இரண்டாமாண்டில் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது, என்னுடன் படித்தவர்கள் பலவிதமாகப் பிரிந்தார்கள். ஒருவர் சேற்றை அள்ளி அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, அதில் வாழும் புழுக்களை ஆராய்ந்தார். இன்னொருவர் அன்னங்கோயில் மீன் இறங்குதளத்திலேயே காலைப்பொழுதுகளைக் கழித்தார். நான் வெள்ளாற்றின் விலங்கு மிதவையுயிரிகளை எடுத்துக்கொண்டேன். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை, மூன்று இடங்களில் சேகரிப்பது என்று திட்டம்: ஒன்று முகத்துவாரம், ஒன்று வளாகத்துக்கு எதிரே, ஒன்று ஆற்றின் மேற்பகுதி. பருவமழைக்கு முன்னும், மழையின் நடுவிலும், மழை ஓய்ந்த பின்னும் கழிமுகம் எப்படி மாறுகிறது என்பதை அந்த ஆறு மாதங்கள் ஓரளவு காட்டும் என்று என் நெறியாளர் சொன்னார்.

படகோட்டிய அண்ணனிடம் நான் கற்றது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. முதல் நாளே அவர் நீரைக் காட்டி, "அங்க பாரும்மா, கோடு போட்ட மாதிரி தெரியுதில்ல, அதுக்கு இந்தப் பக்கம் ஆத்துத் தண்ணி, அந்தப் பக்கம் கடத் தண்ணி" என்றார். பழுப்பும் பச்சையும் சந்திக்கும் அந்தக் கோட்டில் நுரையும் சருகுகளும் வரிசையாக மிதந்தன. கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு துளி எடுத்து ஒளிவிலகல்மானியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு துளிகளுக்கும் உப்பளவு வேறாகவே இருந்தது. கச்சான் காற்று அடித்தால் வலை எந்தப் பக்கம் இழுபடும், வற்றத்தின் கடைசியில் முகத்துவாரத்தில் ஏன் நிற்கக் கூடாது என்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, நான் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். களப்பணிக்குப் போகும் மாணவர்கள் படகோட்டுபவரை வண்டி ஓட்டுபவரைப் போல நினைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது பெரிய இழப்பு.

ஒரு சேகரிப்பில் என்னென்ன செய்வோம் என்பதில், கரைந்த ஆக்சிஜனை அளப்பதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் கைப்பழக்கம் என்றால் என்ன என்பதை எனக்குக் கற்பித்தது அதுதான். விங்க்லர் முறையில், 125 மில்லி கண்ணாடிப் புட்டியில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் நீரை நிரப்ப வேண்டும். அசையும் படகில் உட்கார்ந்துகொண்டு, பிப்பெட்டின் முனையை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி, முதலில் மாங்கனீஸ் சல்பேட்டையும் அடுத்து காரம் கலந்த பொட்டாசியம் அயோடைடையும் ஒவ்வொரு மில்லி விட்டு, மூடியைச் சாய்வாக அழுத்தி மூடிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். நீரில் ஆக்சிஜன் இருந்தால், புட்டிக்குள் பழுப்பு நிறத்தில் துணுக்குத் துணுக்காகத் திரண்டு மெல்லக் கீழே படியும். இல்லையென்றால் வெள்ளையாகவே இருக்கும். ஆய்வகத்துக்கு வந்ததும் கந்தக அமிலம் சேர்த்தால் அந்தப் படிவு கரைந்து, தெளிந்த மஞ்சளாக மாறும். பிறகு சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் மாவுக்கரைசல் சேர்த்தால் நீலமாகும். அந்த நீலம் மறையும் சொட்டுதான் கணக்கு. முதல் மாதம் நான் ஒரே நீரை மூன்று முறை அளந்து மூன்று விடைகள் பெற்றேன். குமிழி எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரங்கள் ஆயின: மூடியை நேராக வைத்து அழுத்தியதால், அதன் அடியில் ஒரு கடுகளவு காற்று சிக்கிக்கொண்டிருந்தது.

வலையிழுப்பதும் அப்படித்தான். நுண்தாவரங்களுக்கு 48 மைக்ரான் கண்ணுள்ள வலையும், விலங்கு மிதவையுயிரிகளுக்கு 158 மைக்ரான் வலையும் பயன்படுத்தினோம். வலையின் வாயில் ஒரு நீரோட்டமானி கட்டப்பட்டிருக்கும்; எத்தனை கன மீட்டர் நீர் வலை வழியே வடிந்தது என்று தெரிந்தால்தான், எண்ணிய உயிர்களை ஒரு கன மீட்டருக்கு இத்தனை என்று சொல்ல முடியும். இழுத்த மாதிரியை 5 விழுக்காடு ஃபார்மலினில் இடுவோம். ஃபார்மலின் நாளடைவில் புளித்து அமிலமாகி, சிப்பிக் குஞ்சுகளின் மெல்லிய ஓட்டைக் கரைத்துவிடும் என்பதால், முன்பே வெங்காரம் சேர்த்து நடுநிலைப்படுத்தி வைக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்த ஆய்வு மாணவர், ஓடு கரைந்து உருத் தெரியாமல் போன பழைய மாதிரி ஒன்றை நுண்ணோக்கியில் காட்டியதால் இன்றுவரை மறக்கவில்லை.

எண்ணுவதுதான் மிக நீண்ட வேலை. செட்ஜ்விக்-ராஃப்டர் கண்ணாடி என்பது 50 மில்லிமீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் அகலமும் ஒரு மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட சிறு தொட்டி. அதில் சரியாக ஒரு மில்லி நீர் நிற்கும், அடியில் ஆயிரம் கட்டங்கள் கீறப்பட்டிருக்கும். கட்டம் கட்டமாக நகர்த்தி எண்ண வேண்டும். நான் எடுத்த மாதிரிகளில் துடுப்புக்காலிகள் எனப்படும் கோப்பிபாடுகளே மிகுதியாக இருந்தன. அக்கார்ஷியாவையும் சூடோடயாப்டோமசையும் பேரினம் அளவில் பிரிப்பது ஒரு வாரத்தில் கைவந்துவிட்டது. ஆனால் இனம் வரை போக, முதிர்ந்த ஆணின் ஐந்தாம் இணைக் காலை ஊசிமுனையால் பிரித்தெடுத்து, கிளிசரினில் வைத்துப் படம் வரைந்து ஒப்பிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள உயிரின் காலைப் பிரிக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன். வரையாமல் பார்த்த எதையும் நான் உண்மையில் பார்க்கவில்லை என்பதை அந்த மேசையில்தான் உணர்ந்தேன். புகைப்படக் கருவி பொருத்திய நுண்ணோக்கிகள் வந்துவிட்ட இக்காலத்திலும், முதலாண்டு மாணவர்கள் கையால் வரைந்து பழகுவதை எந்த ஆசிரியரும் நிறுத்திவிடக் கூடாது என்று மனதார வேண்டுகிறேன்.

இடையில் செப்டம்பரில் பிச்சாவரத்துக்கு அழைத்துச் சென்றார்கள். சுமார் 1,100 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காட்டில் சுரபுன்னையின் தாங்கு வேர்களுக்கு நடுவே படகு நுழையும்போது, வெளியிலிருந்த காற்றோசை சட்டென அடங்கிவிடும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரத்தை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும் என்பதால், கிளையை ஒடிக்க வேண்டாம் என்று ஆசிரியர் முன்கூட்டியே எச்சரித்தார். எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையே தாங்கிய ரைசோஃபோரா அண்ணாமலையானா என்னும் கலப்பின மரத்தையும் காட்டினார். இதை இக்காட்டிலிருந்து விவரித்தவர் இதே மையத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய க.கதிரேசன்.

அன்று மாலை நடந்த வகுப்புதான் என் ஆய்வேட்டின் போக்கையே பின்னால் தீர்மானித்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கதிரேசனும் ராஜேந்திரனும் இந்தக் கரையிலுள்ள 18 மீனவக் குடியிருப்புகளில் ஏற்பட்ட இழப்பை ஆராய்ந்து, அலையாத்திக் காடு இழப்பைக் குறைத்தது என்று 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மறு ஆண்டே வேறு நாட்டு ஆய்வாளர்கள் சிலர் அதே தரவுகளை மீண்டும் கணக்கிட்டு, குடியிருப்பின் உயரமும் கரையிலிருந்து அதன் தொலைவுமே இழப்பை முதன்மையாக விளக்குகின்றன என்று மறுத்து எழுதினார்கள். ஆசிரியர் இரண்டு தரப்பையும் எங்கள் முன் வைத்து, எது சரி என்று கேட்கவில்லை. காடும் உயரமும் தொலைவும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் கரையில், ஒன்றின் விளைவை மற்றதிலிருந்து பிரிக்க என்ன தரவு தேவைப்படும் என்று கேட்டார். எங்களில் யாராலும் அன்று முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வலுத்தது. வெள்ளாறு ஆகாயத்தாமரைகளைச் சுமந்துகொண்டு சிவந்து ஓடியது. ஆற்றின் மேற்பகுதியில் மேல்நீரின் உப்பளவு ஏறத்தாழச் சுழியத்துக்கு இறங்கிவிட்டது. அதே இடத்தில் அடிநீரை எடுத்துப் பார்த்தால், கனமான கடல்நீர் ஆப்பு போலக் கீழே நுழைந்திருந்தது தெரிந்தது. வலைக்கண்கள் வண்டலால் அடைபட்டன. அந்தச் சேகரிப்பில்தான் நான் பெரிய தவறு செய்தேன். மாதிரிப் புட்டிகளுக்குள் பென்சிலால் எழுதிய தாள்சீட்டு ஒன்றை இட வேண்டும் என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லப்பட்ட விதி. மழையின் அவசரத்தில், புட்டிகளின் வெளிப்புறத்தில் மட்டும் மை பேனாவால் எழுதிவிட்டேன். கரைக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது, கசிந்த ஃபார்மலினும் மழைநீரும் எழுத்தை முற்றிலும் கழுவியிருந்தன. ஒரே அளவுள்ள மூன்று புட்டிகள். எது எந்த இடத்தினுடையது என்று தெரியவில்லை.

இரண்டு நாட்கள் நுண்ணோக்கியில் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒன்றில் கடலில் வாழும் உயிரிகள் மிகுதி, ஆகவே முகத்துவாரம், ஒன்றில் நன்னீர் உயிரிகள் மிகுதி, ஆகவே மேற்பகுதி, எஞ்சியது நடுவிலுள்ளது. மகிழ்ச்சியோடு நெறியாளரிடம் போனேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் ஆய்வின் கேள்வி என்னம்மா?" என்றார். எந்த இடத்தில் எந்த உயிரிகள் வாழ்கின்றன என்பது, என்றேன். "உயிரியை வைத்து இடத்தை முடிவு செய்துவிட்டு, பிறகு அந்த இடத்தில் அந்த உயிரி இருந்தது என்று எழுதினால், நீ கண்டுபிடித்தது எது?" என்றார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். பிச்சாவரத்து மாலை வகுப்பு அப்போது நினைவுக்கு வந்தது. அட்டவணையில் அந்த மூன்று கட்டங்களையும் வெறுமையாக விட்டு, காரணத்தைச் செய்முறை அத்தியாயத்தில் ஒரு வரியில் எழுதச் சொன்னார்.

அதன்பின் நவம்பரிலும் டிசம்பரிலும் சீட்டுகளை முந்தைய இரவே எழுதி உலர்த்தி வைத்துக்கொண்டேன். வலை அடைபடுவதால் நீரோட்டமானியின் கணக்கு பிசகுமோ என்ற ஐயத்தால், இழுக்கும் நேரத்தைக் குறைத்து, ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் வலையை அலசினோம். ஜனவரியில் நீர் தெளிந்தது. மழைமாதங்களில் அருகிப்போயிருந்த கோப்பிபாடுகள் வளாகத்துக்கு எதிரே மீண்டும் திரண்டன; முட்டைப் பைகளைச் சுமந்த பெண் உயிரிகளைக் கண்ணாடியில் பார்த்தபோது, உறவினர் ஊர் திரும்பியதைப் போன்ற மகிழ்ச்சி ஏற்பட்டது.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டி, நேராக அந்த வெற்றுக் கட்டங்களில்தான் விரலை வைத்தார். நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, மழைக்காலத்தில் நீரோட்டமானியை எப்படிச் சரிபார்த்தாய் என்று அடுத்த கேள்விக்குப் போனார். அதற்கான பதில் என் களக்குறிப்பேட்டில் இருந்ததால், அதையே திறந்து காட்டினேன்.

அந்த மூன்று புட்டிகளைக் கொட்டிவிட நெறியாளர் அனுமதிக்கவில்லை. மாதத்தையும் ஆண்டையும் "இடம் தெரியவில்லை" என்பதையும் பென்சிலால் எழுதி உள்ளே இட்டு, ஆய்வக அலமாரியில் வைக்கச் சொன்னார். உயிரிகளை இனங்காண மட்டும் பழகும் முதலாண்டு மாணவர்களுக்கு இடம் தேவையில்லை அல்லவா. நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள், ஒரு மாணவி அந்தப் புட்டிகளில் ஒன்றைத் திறந்து, ஐந்தாம் காலைத் தேடி ஊசியைக் கையிலெடுத்திருந்தாள்.