புளூம் வீதியின் பண்டசாலையில் பிறந்த அரங்கு

நாடகாசிரியர் அதோல் ஃபுகார்ட் 2025 மார்ச் 8ஆம் திகதி, தமது 92ஆவது வயதில், தென்னாபிரிக்காவில் காலமானார். அவருடைய நாடகங்கள் மூன்றை முதன்முதலாக மேடையேற்றிய ‘ஸ்பேஸ்’ என்ற சிறிய அரங்கைப் பற்றி நமது கல்லூரி மலரில் எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. அந்தச் செய்தி வந்த பிறகு அதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை. கல்லூரி மண்டபத்தில் நடித்தவர்களும், ஒப்பனை போட்டவர்களும், திரை இழுத்தவர்களும் இந்த வரலாற்றை அறிந்திருப்பது நல்லது என்று மெய்யாகவே நினைக்கிறேன்.

கேப் டவுன் நகரின் புளூம் வீதியில் இருந்த பழைய பண்டசாலையொன்றைப் புகைப்படக் கலைஞர் பிரையன் அஸ்ட்பரியும் அவருடைய மனைவி, நடிகை இவோன் பிரைஸ்லண்டும் ஃபுகார்ட்டின் துணையுடன் அரங்காக்கி, 1972 மே 28 அன்று திறந்தார்கள். ஆங்கிலத்தில் ஸ்பேஸ், டச்சு மொழியிலிருந்து வளர்ந்த ஆபிரிகான்ஸில் டி ரெய்ம்ட்ட, கறுப்பின மக்களின் மொழிகளில் ஒன்றான கோசாவில் இன்டாவோ என மும்மொழியிலும் அதற்குப் பெயர் இருந்தது. அதற்கு ஓராண்டு முன்புதான் அதே நகரில் அரசு பெரும் பணம் செலவிட்டுக் கட்டிய நிக்கோ மலான் அரங்கு வெள்ளையருக்கு மட்டும் என்று திறக்கப்பட்டிருந்தது. கேப் பகுதியில் ஆபிரிகான்ஸைத் தாய்மொழியாகப் பேசியவர்களில் பெரும்பாலோர் அரசு ‘கலப்பினத்தவர்’ என்று பதிவுசெய்து வைத்திருந்த மக்கள். அவர்களுடைய மொழியிலேயே நாடகம் நடந்தாலும் அந்த அரங்கில் போய் இருந்து பார்க்க 1975 வரை அவர்களுக்கு வழியில்லை. மொழி யாருடையது, மேடை யாருடையது என்ற வழக்கு இப்படித்தான் அந்த நகரில் தொடங்கியது.

மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியிருத்திய குழுப் பிரதேசச் சட்டத்தின் கீழ் 1965இல் வந்த பிரகடனம், வெவ்வேறு இனத்தவர் ஒரே அரங்கில் கூடியிருந்து நாடகம் பார்ப்பதைத் தடுத்தது. பொது அரங்குக்கு இருந்த தடை அங்கத்தவர் கழகமொன்றுக்கு அப்படியே பொருந்தாது என்பதைப் பிடித்துக்கொண்டு, ஸ்பேஸ் தன்னை ஒரு கழகமாக ஆக்கிக்கொண்டது. பார்க்க வருபவர் முதலில் அங்கத்தவராகச் சேர வேண்டும். சேர்ந்தபின் அவர் எந்த இனத்தவர் என்று வாசலில் எவரும் கேட்பதில்லை. பொலிஸார் எந்த இரவிலும் வரலாம் என்ற நிலையில், இந்தச் சட்ட இடைவெளியை நம்பித்தான் அந்தக் குழு ஏழாண்டு காலம் வாழ்ந்தது.

திறப்பு நாளன்று நடந்தது, வெள்ளையருக்கும் மற்ற இனத்தவருக்கும் இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய ஒழுக்கக்கேட்டுச் சட்டத்தின் கீழ்க் கைதான இருவரைப் பற்றிய ஃபுகார்ட்டின் நாடகம். ஃபிரீடா ஜூபேர்ட் என்ற வெள்ளையின நூலகராகப் பிரைஸ்லண்டும், எரல் ஃபிலாண்டர் என்ற கலப்பினப் பாடசாலை அதிபராக ஃபுகார்ட்டும் நடித்தார்கள். இருட்டில் பேசிக்கொண்டிருக்கும் காதலர் மேல் பொலிஸாரின் புகைப்படக் கருவி திடீர் திடீரென ஒளி வீச, அவர்கள் உடலை மறைக்கத் துணி தேடித் தடுமாறுவார்கள். அதன்பின் அவர்கள் சொல்வதெல்லாம் வாக்குமூலமாகிவிடுகிறது. சில வாரங்களில் டொனால்ட் ஹோவார்த் ‘ஒதெல்லோ ஸ்லெக்ஸ் பிளாங்கஸ்’ என்ற ஆபிரிகான்ஸ் பெயருடன் ஷேக்ஸ்பியரை மேடையேற்றினார். வாங்குகளிலும் கடற்கரைகளிலும் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று நட்டிருந்த பலகையின் வாசகம் அது. அந்த நாடகத்தில் ஒதெல்லோவே கிடையாது. கறுப்பனுக்கு இடமில்லாத நாட்டில் அந்தப் பாத்திரத்துக்கு மட்டும் எங்கே இடம் என்று, வசனம் ஒன்றும் இல்லாமலே அது கேட்டுவிட்டது. அந்த அரங்கின் துணிவை அறிய விரும்புபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

1973இல் லண்டனிலிருந்து திரும்பிய பீட்டர்-டிர்க் எய்ஸ் இந்தக் குழுவில் சேர்ந்தார். தந்தை ஆபிரிகான்ஸ் பேசும் வெள்ளையரான ஆபிரிக்கானர், தாய் ஜேர்மனியிலிருந்து வந்த யூதப் பியானோ கலைஞர். வீட்டுக் கூடத்திலும் சமையலறையிலும் மக்கள் உண்மையில் பேசும் ஆபிரிகான்ஸில், ஆங்கிலம் கலந்து, கெட்ட வார்த்தைகளையும் ஒளிக்காமல், அவர் எழுதிய ‘செல்ல ஓ ஸ்டோரி’ 1974இல் அங்கு மேடையேறியது. தணிக்கையாளர் பின்னர் அதைத் தடைசெய்தனர். பிரசங்கத்துக்கும் அரச வானொலிக்கும் உரிய தூய மொழி என்று ஆட்சியாளர் போற்றிவந்த ஆபிரிகான்ஸைச் சாதாரண மனிதரின் வாயில் மீட்டுத் தந்ததே இந்தக் குழுவின் பெருஞ்சாதனை என்பது என் கருத்து. 1976 ஜூன் 16 அன்று ஜொகானஸ்பேர்க்கை அடுத்த கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவின் மாணவர்கள் ஆபிரிகான்ஸ் போதனாமொழித் திணிப்புக்கு எதிராக வீதியில் இறங்கிச் சுடப்பட்டபோது, அம்மொழியில் எழுதிய நேர்மையான எழுத்தாளர் எவ்வளவு நெருக்கடியில் நின்றிருப்பர் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

ஸ்பேஸின் பெயரை உலகறியச் செய்தவர்கள் போர்ட் எலிசபெத்தின் நியூ பிறைட்டன் குடியிருப்பிலிருந்து வந்த இரு நடிகர்கள். ஜோன் கானியும் வின்ஸ்டன் இன்ட்ஷோனாவும் ஃபுகார்ட்டுடன் சேர்ந்து ஒத்திகையிலேயே உருவாக்கிய ‘சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்’ 1972 ஒக்டோபரிலும், ‘தீவு’ 1973 ஜூலையிலும் அங்கு முதன்முதலாக நடந்தன. சிறைகளைப் பற்றி எழுதுவதே குற்றமாக இருந்ததால், அரசியல் கைதிகளை அடைத்துவைத்த ரொபன் தீவைப் பற்றிய இரண்டாவது நாடகம் முதலில் ‘டி ஹொடோஷ ஸ்பான்’ என்ற பெயரில் வந்தது. பொலிஸார் கையில் சிக்கக்கூடிய எழுத்துரு அதற்கு இருக்கவில்லை. முழுவதும் நடிகர்களின் நினைவில் இருந்தது.

இதைப் பின்னாளில் அறிந்தபோது நான் வியந்துபோனேன். கல்லூரி நாடகங்களில் எனக்குக் கிடைத்த வேலை பக்கத்திரைக்குப் பின்னால் எழுத்துருவைப் பிடித்துக்கொண்டு நின்று, வசனம் மறந்தவருக்கு எடுத்துக்கொடுப்பது. அந்தக் கொப்பி தொலைந்தால் நாடகமே தொலைந்தது என்று எங்கள் ஆசிரியர் அடிக்கடி எச்சரிப்பார். கொப்பி இருந்தால்தான் ஆபத்து என்ற நிலையில் ஒரு நாடகம் பிறக்கலாம் என்பது எங்கள் எவருடைய கற்பனைக்கும் எட்டியிருக்காது.

1973 முடிந்து 1974 பிறந்த குளிர்காலத்தில், எரிபொருள் நெருக்கடியால் பிரித்தானியத் தொழிற்சாலைகள் வாரத்தில் மூன்று நாள் மட்டும் இயங்கிய நாட்களில், மாணவனாக இருந்த நான் லண்டன் றோயல் கோர்ட் அரங்கில் ‘தீவு’ பார்த்தேன். வசனம் தொடங்குவதற்கு முன் இரு கைதிகளும் இல்லாத மணலை வாரித் தள்ளுவண்டியில் நிரப்புகிறார்கள். ஒருவன் தோண்டிய குழியை மற்றவன் கொண்டுவந்து கொட்டும் மணல் நிரப்புகிறது. வேலை முடிவதே இல்லை. மூச்சிரைப்பைத் தவிர வேறு ஒலி இல்லாத அந்த நிமிடங்களில் அரங்கில் எவரும் அசையவில்லை. பிறகு சிறை நிகழ்ச்சிக்காக மன்னனின் ஆணையை மீறியதற்காக விசாரிக்கப்படும் பெண்ணைப் பற்றிய பண்டைய கிரேக்க நாடகமான ‘அன்ரிகனி’யை அவர்கள் ஒத்திகை பார்க்கிறார்கள். ஆணியும் நூலும் கோத்த மாலையையும் பொய்த்தலையையும் மாட்டிய வின்ஸ்டனைக் கண்டு ஜோன் விழுந்து விழுந்து சிரிக்க, தான் ஆண்மகன், பெண்வேடம் கட்டமாட்டேன் என்று வின்ஸ்டன் சீறுகிறான். பெண்வேடம் கட்டும் ஆண்களைக் கூத்தில் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் சீற்றம் முதலில் புதிதாக இருந்தது. விசாரணைக் காட்சியின் முடிவில் அவன் அந்தப் பொய்த்தலையைத் தானே கழற்றி எறிந்துவிட்டுச் சொந்தக் குரலில் பேசியபோது, அவன் காத்துநின்றது எதை என்று புரிந்தது. 1975இல் இருவருக்கும் நியூயோர்க்கில் டோனி விருது கிடைத்தது. மறுவருடம், கறுப்பினத்தவருக்கென அரசு ஒதுக்கிய பிரதேசமான ட்ரான்ஸ்கையில் ‘சிஸ்வே பான்சி’ நடித்ததற்காக இருவரும் கைதானார்கள்.

இங்கு நம்மவர் வழிவந்த சிலரையும் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டுகளில் டர்பனில் நேட்டால் நாடக மன்றத்தை நடத்திய ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் முதலானோர் பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்பட்டு, 1976 டிசம்பரில் தண்டிக்கப்பட்டு, ரொபன் தீவுக்கே அனுப்பப்பட்டார்கள். அந்த வழக்கில் நாடகங்களும் கவிதைகளும் அரச தரப்பின் சான்றுகளாக அடுக்கப்பட்டன. எழுத்துரு இல்லாமல் நடித்தவர்கள் அஞ்சியது வீணல்ல.

ஸ்பேஸுக்குக் குறைகளும் இருந்தன. நடத்தியவர்கள் வெள்ளையர். லங்கா, குகுலேத்து போன்ற தொலைவிலிருந்த குடியிருப்புகளிலிருந்து இரவில் நகருக்கு வந்து திரும்புவது கறுப்பினத்தவருக்கு எளிதல்ல என்பதால், எல்லோருக்கும் திறந்த கதவுக்குள் எல்லோரும் வந்துவிடவில்லை. பணமுடையும் எப்போதும் இருந்தது. ஆயினும் 1976இல் லோங் வீதிக்கு இடம்மாறிய அதே ஆண்டில், அங்கு மேடை முகாமையாளராக வேலைசெய்த ஃபாத்திமா டிக்கே கோசா மன்னர் கிரேலியைப் பற்றித் தாமே எழுதிய நாடகத்தை மேடையேற்றினார். நூலாக அச்சேறிய நாடகத்தை எழுதிய முதலாவது தென்னாபிரிக்கக் கறுப்பினப் பெண் அவர்தான். 1979இல் அஸ்ட்பரி அரங்கை விட்டு விலகினார். மற்றவர்கள் பீப்பிள்ஸ் ஸ்பேஸ் என்ற பெயரில் அதைச் சிறிதுகாலம் நடத்தினார்கள். பிரைஸ்லண்ட் லண்டன் தேசிய அரங்கில் நடித்து, ஃபுகார்ட்டின் இன்னொரு நாடகத்துக்காக ஒலிவியே விருது பெற்று, 1992இல் காலமானார்.

நமது சங்கத்தின் இளையோர் நாடகப் பிரிவு அடுத்த கலைவிழாவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தது. உரிய அனுமதியைப் பெற்று ‘தீவு’ நாடகத்தைத் தமிழில் எடுக்குமாறு பரிந்துரைக்கிறேன். இரண்டு நடிகர், இரண்டு போர்வை, ஒரு வாளி போதும். மண்டப வாடகைக்கு மேல் பெரிய செலவில்லை. மணல் வாரும் காட்சியை மட்டும் தயவுசெய்து சுருக்க வேண்டாம்.