கல்விப் பயணம் போகிறவர்களுக்கு

ஐரோப்பாவில் கல்வி, தொழிற்பயிற்சித் துறையினருக்கான கல்விப் பயணங்களை 2008 முதல் 2013 வரை கிரீஸின் தெசலோனிகியிலுள்ள செடெஃபோப் (தொழிற்பயிற்சிக்கான ஐரோப்பிய ஒன்றிய அமைப்பு) ஒருங்கிணைத்தது. 3 முதல் 5 நாள், பல நாட்டவர் கலந்த சிறு குழு, ஒரே தலைப்பு, முடிவில் குழு அறிக்கை. 2014-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்வி நிதித் திட்டமான எராஸ்மஸ் பிளஸ் வந்ததும் அந்த ஏற்பாடு நின்றது. இப்போது அத்திட்டத்தில் தொழிற்கல்விப் பணியாளர் வேறொரு நாட்டு நிறுவனத்தில் 2 முதல் 60 நாள் வரை உடனிருந்து கற்கலாம். விண்ணப்பிக்க வேண்டியது நிறுவனம், தனிநபர் அல்ல.

பயணம் வீணாவது பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலில்தான். ஒரே நாளில் நான்கு நிறுவனங்கள், நான்கிலும் பவர்பாயிண்ட், காபி, குழுப்படம். இரண்டு போதும். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் பேச்சுக்கு இரு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். பட்டறை ஓடும் வேளையில் போங்கள். பள்ளி முதல்வர் இல்லாமல் பயிற்சியாளர்களுடன் பேச அரை மணி நேரமாவது கேளுங்கள் (தயங்குவார்கள், கேளுங்கள்).

பெரிய குழப்பம் சொற்களில். ஜெர்மனியில் தொழில் பழகுநர் என்றால் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு ஊதியம் வாங்குபவர்; பள்ளிக்குப் போவது வாரத்தில் ஓரிரு நாள், அல்லது சில வாரத் தொகுப்பாக. வேறு பல நாடுகளில் அவர் பள்ளி மாணவர், நிறுவனத்துக்குச் சில வாரம் போய்வருபவர். இதைத் தெளிவுபடுத்தாமல் வேலைவாய்ப்பு விகிதங்களை ஒப்பிட்டால் அறிக்கையே தவறாகிவிடும்.

அறிக்கை எழுதுபவரை முதல் நாளே முடிவு செய்யுங்கள். கடைசி மதியம் கேட்டால் எல்லோர் கையிலும் விமான டிக்கெட் இருக்கும்.